தும்புத்தடி வண்டிக்கு முன்னால் போனவர்

இரண்டு வருடங்களுக்கு முன்னர், பங்குனி மாதத்து மழைச் சனிக்கிழமை ஒன்றில் இது தொடங்கியது. பலெர்மோ நகரில், மத்திய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேயிலிருந்து கடல் பக்கமாகப் பத்து நிமிடம் நடந்தால் வரும் ஒரு ஹோட்டலின் சலவை அறையில் நான் வேலை செய்கிறேன். சொந்தக்காரர் யாராவது கேட்டால் "ஹோட்டலில் இருக்கிறேன்" என்று மட்டும் சொல்வேன். அங்கே என்ன வேலை என்ற அடுத்த கேள்வி வருவதற்குள் பேச்சை மழை வெயிலுக்குத் திருப்பிவிடுவேன். கனடாவில் ஒரு பெரிய சாப்பாட்டுக் கடையில் மானேஜராக இருக்கும் என் மைத்துனர், நானும் இங்கே ஏதோ மேற்பார்வையாளர் என்று நினைத்துக்கொண்டிருந்தார். நானாக அப்படிச் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

இத்தாலிக்கு வந்த புதிதில் ஒரு வயதான தம்பதியின் வீட்டில் கூட்டித் துடைத்துச் சமைத்துக் கொடுத்தேன். இங்கே தங்குவதற்கான அனுமதி அட்டையை பெர்மெஸ்ஸோ என்பார்கள். அதை எடுக்கக் கொடுத்த பத்திரத்தில் தொழில் என்ற இடத்தில் 'தொமெஸ்திகோ' என்று எழுதியிருந்தது. வீட்டு வேலைக்காரன் என்று அர்த்தம். எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேரின் பத்திரத்தில் அதுதான் இருக்கும். ஆனாலும் எனக்கு அந்தச் சொல்லைக் கண்டாலே பிடிக்காது. ஹோட்டல் வேலை கிடைத்து, புதிய பத்திரத்தில் அது இல்லாமல் போனபோது பெரிய பாரம் ஒன்று இறங்கியது போல இருந்தது.

வெட்கம் ஒரு பக்கம் இருந்தாலும் வேலையில் நான் சோடை போனதில்லை. வைன் கறை, எண்ணெய்க் கறை, உதட்டுச் சாயம், எதைக் கொடுத்தாலும் எடுப்பேன். அழுக்கை என் கண்ணால் சகிக்க முடியாது. விருந்துக்குப் போன வீட்டிலும் மேசை விரிப்பின் கறையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். "உங்கட துப்புரவு ஒரு நாளைக்கு ஆரையாவது கொல்லப்போகுது" என்று என் மனைவி அடிக்கடி சொல்வாள். நான் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரம் சிசிலித் தீவைச் சுற்றி ஒரு சைக்கிள் ஓட்டப் போட்டி நடந்துகொண்டிருந்தது. கடைசி நாள் ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை பலெர்மோவில். அதற்காக ஓர் அணி சனிக்கிழமை மத்தியானம் எங்கள் ஹோட்டலில் வந்து இறங்கியது. பெரிய பஸ் ஒன்று, லொறி ஒன்று, கூரையில் சைக்கிள்கள் கட்டிய இரண்டு கார்கள். வீரர்கள் ஏழு பேர்தான், அவர்களைப் பராமரிக்க வந்தவர்கள் அதைவிடக் கூட. அன்றைய ஓட்டம் முழுவதும் மழையில் நடந்ததால் எல்லோரும் சேறும் சகதியுமாக இருந்தார்கள்.

நானும் பின்கதவால் எட்டிப் பார்த்தேன். சைக்கிளைப் பற்றி எனக்குத் தெரியாததா என்ற எண்ணம் எனக்கு எப்போதும் உண்டு. ஊரில் யுத்த காலத்தில் வன்னியில் இடம்பெயர்ந்தபோது, அரிசி மூட்டை, சட்டி பானை, கூரைத் தகரம், எல்லாவற்றுக்கும் மேலே என் அம்மாவின் தையல் மெஷின் என்று ஒரு முழு வீட்டையே ஒரு சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு போனவன் நான். இவர்களின் சைக்கிளை இரண்டு விரலால் தூக்கலாம் போல இருந்தது. கரியர்கூட இல்லை. இதில் ஓடிவிட்டா முதலாம் மாடிக்குப் போக லிஃப்டைத் தேடுகிறார்கள் என்று மனதுக்குள் சிரித்துவிட்டு உள்ளே போனேன்.

கொஞ்ச நேரத்தில் ஒருவர் சலவை அறைக் கதவைத் தட்டினார். சாதாரணக் கம்பளிச் சட்டை, காலில் ஹோட்டல் செருப்பு. வயது முப்பத்தைந்து இருக்கும். ஒட்டிய கன்னம். இடது காலை லேசாகச் சாய்த்து நடந்தார். இரண்டு கைகளிலும் ஈரம் சொட்டும் ஓட்டச் சப்பாத்துகள், இரண்டு சோடி. பழைய பத்திரிகைத் தாள் இருக்கிறதா என்று கேட்டார். ஈரச் சப்பாத்துக்குள் தாளைக் கசக்கி அடைத்தால் விடிவதற்குள் காய்ந்துவிடுமாம். ஒரு சோடி தன்னுடையது, மற்றது தன்னோடு அறையில் இருக்கும் அணித் தலைவருடையது என்றார். தலைவர் களைத்துப் படுத்திருக்கிறாராம்.

நீங்களும் ஓடுகிறவரா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். அவர் சிரித்தார். கையிலிருந்த சப்பாத்துகளை உயர்த்திக் காட்டி, "நானா? தொமெஸ்திக்" என்றார்.

அவர் பெல்ஜியத்துக்காரர். அவருடைய இத்தாலியன் என்னுடையதைவிட மோசம். சொல்லின் கடைசியில் வரும் 'ஓ'வை விழுங்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். சரிதான், இவர் அணிக்கு எடுபிடி வேலை செய்கிறவர், தலைவரின் சப்பாத்தைத் துடைப்பதுதான் இவர் தொழில், இவர் போடுவதும் யாரோ கழித்த ஓட்டச் சப்பாத்தாக இருக்கும். எனக்கு அவர்மேல் அப்படியொரு பாசம் வந்தது. நெஞ்சில் கையை வைத்து, "நானும் தொமெஸ்திகோதான்" என்றேன். இந்த நாட்டுக்கு வந்து அந்தச் சொல்லை நானாக வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. ஒரு வேலைக்காரன் இன்னொரு வேலைக்காரனிடம் என்ன வெட்கப்படுவது.

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, கையை நீட்டி என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

என் மனைவியின் தம்பி நகரத்தின் ஓரத்திலுள்ள சியாகுல்லித் தோட்டங்களில் பழம் பறிக்கப் போகிறவன். அவன் கொடுத்துவிட்ட பிந்திய மந்தரீன் தோடம்பழங்கள் ஒரு பை நிறைய அங்கே இருந்தன. நாலைந்தை அவர் கையில் திணித்தேன். சப்பாத்துகளை வாங்கி வைத்துக்கொண்டு, "நீங்கள் போய் ஆறுங்கள், இது என் வேலை. காலையில் அறை வாசலில் இருக்கும்" என்றேன். வேண்டாம் வேண்டாம் என்று மறுத்தார். நான் விடவில்லை. போகும்போது இரண்டு தடவை நன்றி சொன்னார்.

தலைவரின் சப்பாத்து புத்தம் புதியது. அதற்குள் தாளை அடைத்து வைத்தேன். எடுபிடிக்காரரின் சப்பாத்துக்குள் இருந்த உள்ளட்டைகளைப் பார்த்தபோதுதான் என் கண் சும்மா இருக்கவில்லை. உள்ளங்காலுக்குக் கீழே வரும் அந்த இரண்டு அட்டைகளும் கறுத்து, நாறி, ஓரம் தேய்ந்து கிடந்தன. தலைவருக்கு மட்டும் வெள்ளை அட்டை, இந்த மனிதருக்கு இப்படியா என்று கோபமே வந்தது. இரண்டையும் உருவி, நல்ல சுடுதண்ணீரில் மெஷினில் போட்டேன். பிறகு துவாய்களோடு சேர்த்து உலர்த்தும் மெஷினில், சூட்டைக் கடைசி மட்டும் திருப்பி விட்டேன்.

திறந்து பார்த்தபோது அவை பொரித்த அப்பளம் போலச் சுருண்டிருந்தன. எவ்வளவு இழுத்தும் நிமிரவில்லை. ஒன்று இடையில் வெடித்தும் இருந்தது.

உண்மையைச் சொன்னால், அப்போது நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. பழைய அட்டைதானே. எனக்கும் அவருக்கும் ஒரே அளவு கால்தான். கபோ சந்தையில் புதிதாக வாங்கிய என் வேலைச் சப்பாத்துக்குள் நல்ல மெத்தென்ற உள்ளட்டை இருந்தது. காலையில் அதைப் போட்டுக் கொடுத்து ஒரு மன்னிப்புக் கேட்டால் முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு வேலைக்கு வந்து, என் அட்டைகளை அவர் சப்பாத்துக்குள் போட்டு, இரண்டு சோடிகளையும் அறை வாசலில் வைத்துவிட்டு இறங்கினேன். மேசைத் துணிகளோடு சாப்பாட்டு அறையைக் கடந்தபோது அப்படியே நின்றுவிட்டேன். ஏழு பேரும் ஒரே நிறச் சட்டையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஏழாவது ஆள் அவர். முதுகில் இலக்கம் ஒட்டியிருந்தது.

சலவை அறைக்குள் போய், சுருண்ட அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். இதை எறிந்துவிட்டு, எனக்கு ஒன்றும் தெரியாது, மாடியில் வேலை செய்கிறவர்கள் யாரோ மாற்றியிருப்பார்கள் என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? ஹோட்டலில் தற்காலிகமாக வேலை செய்கிறவன் நான். விருந்தாளியின் பொருளைக் கெடுத்தவன் என்று பெயர் வந்தால் அடுத்த மாதம் கூப்பிடமாட்டார்கள். குப்பைக் கூடையைத் திறந்தும் விட்டேன்.

அந்த நேரத்தில்தான் அவரே சப்பாத்துகளோடு வாசலில் வந்து நின்றார். கோபமாக இல்லை. "என்னுடையவை எங்கே?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியாது என்ற பொய் நாக்கு நுனியில் இருந்தது. நேற்று என் கையைப் பிடித்துக் குலுக்கியவர் அவர். முடியவில்லை. சுருண்ட அட்டைகளை நீட்டி, என்ன செய்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் அழுக்குத் துணி மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு காற்சட்டையை உயர்த்தி, இடது தொடையில் இடுப்புவரை ஓடிய வெட்டுத் தழும்பைக் காட்டினார். போன வருடம் விழுந்து எலும்பு முறிந்ததாம். பொருத்திய பிறகு இடது கால் அரை விரல் கட்டை. அந்த உள்ளட்டைகள் அவர் காலுக்கென்றே அச்செடுத்துச் செய்தவை, இடது பக்கம் மட்டும் தடிப்பு. கறுத்து நாறியவை என்று நான் நினைத்தவைதான் அவரை மறுபடியும் சைக்கிளில் ஏற்றியவை. இன்னொரு சோடி பெல்ஜியத்தில் வீட்டில் இருந்தது.

போன பருவம் முழுவதும் அவர் ஓடவில்லை. அணிக்காரர் இந்த வருடம் ஒரே ஒரு சந்தர்ப்பம் கொடுத்திருந்தார்கள். இந்தச் சிசிலி ஓட்டத்தில் தன் வேலையைச் செய்து, எல்லா நாளும் முடித்தால் மிச்சப் பருவத்துக்கான பட்டியலில் பெயர் இருக்கும். நாலு நாள் முடித்துவிட்டார். இன்றைக்கு ஒரு நாள்தான். "முடித்தால் பருவம். முடிக்காவிட்டால் வீடு" என்றார். அட்டை போய்விட்டது என்று அணிப் பொறுப்பாளர் அறிந்தால், கால் கெட்டுவிடும் என்று தொடங்கவே விடமாட்டாராம்.

என் மனைவி சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு மனிதரின் வாழ்க்கையை மெஷினில் போட்டு உலர்த்தியிருந்தேன். கண் கலங்கிவிட்டது. அவர் எழும்பி என் தோளைத் தட்டினார். நியாயமாகப் பார்த்தால் என் கன்னத்தில் தட்டியிருக்க வேண்டும்.

அப்போது என் பார்வை அயன் மேசையில் விழுந்தது. மேல் துணிக்குக் கீழே தடித்த கம்பளி விரிப்பு ஒன்று இருக்கும். ஃபெல்த்ரோ என்பார்கள். வருடக்கணக்காகச் சூட்டிலும் ஆவியிலும் அழுந்தி இறுகியது, இனிச் சுருங்கவோ நசியவோ வழியில்லை. துணியைத் தூக்கிக் காட்டினேன். அவர் விரலால் அமுக்கிப் பார்த்தார். முகம் மாறியது.

என் உள்ளட்டையை அதன்மேல் வைத்துச் சோக்கட்டியால் கோடு போட்டு, பெரிய கத்தரிக்கோலால் வெட்டினேன். இடது சப்பாத்துக்குள் கம்பளியை வைத்து அதன்மேல் அட்டையைப் போட்டோம். அவர் நடந்தார், குந்தினார், ஒற்றைக் காலில் நின்றார். குதி உயரம் போதவில்லை. இன்னொரு துண்டு வெட்டினேன். முன்விரல் இடிக்கிறது என்றார், ஓரத்தைச் சீவினேன். ஏழெட்டுத் தடவை கழற்றி மாட்டினோம். இரண்டு பேரும் மெஷினில் குனிந்த தையற்காரர் போல ஒரு வார்த்தை பேசாமல் வேலை செய்தோம்.

முடிகிற நேரத்தில் எங்கள் மேற்பார்வையாளர் அம்மா உள்ளே வந்தார், நாங்கள் சிஞ்ஞோரா என்போம். அயன் மேசையின் நடுவில் இரண்டு பாத வடிவத்தில் ஓட்டை. யார் இதை வெட்டியது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஓட்டக்காரர் முந்திக்கொண்டார். தன் உள்ளட்டைகளைத் தானே ஹீட்டரில் வைத்துக் கெடுத்துவிட்டதாகவும், தான் கெஞ்சிக் கேட்டதால்தான் நான் உதவியதாகவும் தன் உடைந்த இத்தாலியனில் சொன்னார். சிஞ்ஞோரா என்னைப் பார்த்து, "நல்லது செய்தீர்கள்" என்றார். அந்த வார்த்தை இன்றைக்கும் எனக்குள் குத்துகிறது. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வேலை முடிந்தது இரண்டு மணிக்கு. அன்றைய ஓட்டம் பெல்லெக்ரீனோ மலையை ஐந்து தடவை சுற்றி ஏறி இறங்குவது. அந்த மலையில்தான் சாந்தா ரோசாலியாவின் குகைக்கோயில் இருக்கிறது. நாங்கள் சைவக்காரர். ஆனாலும் பலெர்மோவில் அந்த அம்மாவிடம் போகாத தமிழர் இல்லை. என் மனைவி ஞாயிறு தவறாமல் ஏறுவாள். நான் வருடத்துக்கு ஒரு தடவை, அதுவும் மூச்சிரைத்துக்கொண்டு. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் நானாகவே மலைக்கென்று செருப்பைப் போட்டதைப் பார்த்து, "என்னப்பா, உடம்புக்கு ஏதும் செய்யுதோ?" என்று கேட்டாள். வழியில் நடந்ததைச் சொன்னேன். அவள் நக்கலடிக்கவில்லை. "அப்ப கெதியா நடவுங்கோ" என்றாள்.

பழைய கல்லுப் பாதை கார் ரோட்டைக் குறுக்கே வெட்டுகிற ஒரு வளைவில் போய் நின்றோம். முதல் சுற்று முடிந்திருந்தது. எனக்குப் பக்கத்தில் ஒரு சிசிலிக்காரக் கிழவர் மடக்குக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். முதலில் பொலிஸ் மோட்டார் சைக்கிள்கள் வந்தன. பிறகு வந்ததை நான் சத்தத்தால்தான் முதலில் அறிந்தேன். நூறுக்கு மேல் சங்கிலிகள் ஒரே நேரத்தில் இரைந்தன. நடந்து ஏறவே நான் நாலு இடத்தில் நிற்கிற அந்த ஏற்றத்தில், நான் சமதரையில்கூட ஓடியறியாத வேகத்தில் ஏறினார்கள். எல்லோருக்கும் முன்னால், காற்றைத் தன் நெஞ்சால் கிழித்துக்கொண்டு வந்தவர் அவர். பின்னால் காற்றுக்கு ஒதுங்கி அவருடைய தலைவர் வந்தார். கண் மூடித் திறப்பதற்குள் போய்விட்டார்கள். என் கையில் மயிர் கூச்செறிந்து நின்றது.

அடுத்த சுற்றில் முன்னால் வேறு யாரோ இருந்தார்கள். கடைசியில் அணியின் காரைப் பிடித்தபடி அவர் வந்தார். காரிலிருந்து தண்ணீர்ப் போத்தல்களை ஒவ்வொன்றாக வாங்கி முதுகுச் சட்டைக்குள் திணித்தார், பிறகு நெஞ்சுப் பக்கம் திணித்தார். எட்டோ ஒன்பதோ இருக்கும். கூன் விழுந்த ஆள் போல ஆகிவிட்டார். அந்தப் பாரத்தோடு எழும்பி நின்று மிதித்து, அந்த ஏற்றத்திலேயே ஒவ்வொருவராகத் தாண்டி முன்னால் இருக்கிற தன் ஆட்களுக்குக் கொடுக்கப் போனார்.

வாயைப் பிளந்துகொண்டு நின்ற என்னைப் பார்த்துக் கிழவர் சொன்னார், அவருக்கு வேலை வெல்வது இல்லை, வெல்கிறவனுக்காகக் காற்றைத் தாங்குவதும் தண்ணீர் சுமப்பதும்தான். இத்தாலியனில் இதற்கு வேறு சொல்லாம். "பிரெஞ்சுக்காரர் தொமெஸ்திக் என்பார்கள்" என்றார்.

நான் மனைவிக்கு மொழிபெயர்த்தேன். அவளும் வீட்டு வேலைதான் செய்கிறாள், அவளுடைய பத்திரத்தில் இன்றைக்கும் அந்தச் சொல்தான். "எங்கட வேலைதான் எண்டு சொல்லுங்கோ" என்றாள். இவ்வளவு நாளும் நான் ஒளித்துவைத்திருந்த சொல்லை, இந்த மனிதர் உலகத்துக்கு முன்னால் முதுகில் இலக்கத்தோடு சேர்த்துச் சுமந்துகொண்டு ஏறுகிறார்.

நாலாவது சுற்றில் அவர் முன்னாலும் இல்லை, நடுவிலும் இல்லை. எல்லோரும் போய் வெகுநேரம் கழித்துத் தனியாக வந்தார். இடது முழங்கால் வெளியே விலகி விலகி வந்தது. அவருக்குப் பின்னால் மெதுவாக ஒரு வான். அதன் கண்ணாடியில் வீடு கூட்டுகிற தும்புத்தடியின் படம். ஓட முடியாமல் விடுகிறவர்களைக் கூட்டி அள்ளிக்கொண்டு போகிற வண்டி அதுவாம். முதலாவதாக வருகிறவர் முடித்து இத்தனை நிமிடத்துக்குள் வந்து சேராவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள் என்றார் கிழவர். இந்த வேலை செய்கிறவர்கள் பாதி ஓட்டத்திலேயே தங்களைக் காலியாக்கிவிடுவார்கள், அது வழமைதான் என்றும் சொன்னார். ஆனால் எனக்கு அந்த முழங்கால்தான் தெரிந்தது. என் கத்தரிக்கோல்தான் தெரிந்தது.

கடைசிச் சுற்றில் வெல்கிறவர்கள் போனார்கள், அவருடைய தலைவரும் அவர்களோடு போனார். நடுக் கூட்டம் போனது. சனம் கலையத் தொடங்கியது. கிழவரும் கதிரையை மடக்கினார். அரைமணி போல எனக்குத் தோன்றியது, உண்மையில் பத்து நிமிடம் இருக்காது.

"அவர் வானில ஏறியிருப்பார். வாங்கோ, கோயிலுக்குப் போவம்" என்றாள் மனைவி.

"நீர் போம். நான் நிண்டு வாறன்."

அவள் போகவில்லை. முந்தானை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

அப்போது கீழ் வளைவில் ஒரு தலை தெரிந்தது. அவர்தான். முகம் சுண்ணாம்பு வெள்ளை, உதட்டோரம் உப்புப் படிந்திருந்தது. சைக்கிள் நடையைவிடக் கொஞ்சம்தான் வேகம். பின்னால் தும்புத்தடி வான் உறுமிக்கொண்டு வந்தது. எனக்கு என்ன நடந்தது என்று தெரியவில்லை, ரோட்டில் இறங்கி அவரோடு சேர்ந்து ஓடினேன். வன்னியில் ஏற்றத்தில் ஒருவர் சைக்கிள் திணறினால் பின்னால் வருகிறவர் முதுகில் கையை வைத்துத் தள்ளிவிடுவார். அந்தப் பழக்கம். என் கை அவர் முதுகுக்குப் போனது.

"நோ" என்றார். தலையை மட்டும் ஆட்டினார். தள்ளினால் அதற்காகவே பெயரை வெட்டிவிடுவார்கள் என்று பிறகு அறிந்தேன். கையை எடுத்துவிட்டேன், ஆனால் ஓட்டத்தை விடவில்லை. "ஏறு ராசா, ஏறு" என்று கத்தினேன். தமிழில்தான் கத்த வந்தது. கோயிலுக்குப் போய்விட்டுப் பழைய பாதையால் இறங்கி வந்துகொண்டிருந்த எங்கள் சனம், யார் எவர் என்று தெரியாமலே, நெற்றியில் திருநீறு பூசியவர்களும் கழுத்தில் செபமாலை போட்டவர்களும் ரோட்டோரத்தில் வரிசையாக நின்று "ஏறு ராசா, ஏறு" என்று தொடர்ந்தார்கள். அவருக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது. ஆனால் முதுகு நிமிர்ந்தது. எழும்பி நின்று மிதித்தார்.

என்னைத் தாண்டும்போது ஒரு கையை விட்டு, விரலால் இடது சப்பாத்தைக் காட்டினார். "தியேனே" என்றார். தாங்குகிறது என்று அர்த்தம். உண்மையாகத்தான் சொன்னாரா, என் மனம் நோகக்கூடாது என்று சொன்னாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த நிலையில் அதைச் சொல்ல அவருக்கு மூச்சு எங்கிருந்து வந்தது என்பதும் தெரியாது. நான் ரோட்டில் குந்தி அழுதேன். மனைவி வந்து என் சட்டையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தாள்.

அணி முடிவிடத்திலிருந்தே நேராகக் கப்பலுக்குப் போய்விட்டது. அன்று பொழுதுபட மனைவியின் ஃபோனில் முடிவுப் பட்டியலைத் தேடினோம். அவள் மேலிருந்து பார்த்துக்கொண்டு வந்தாள், நான் அடியிலிருந்து பார்க்கச் சொன்னேன். முடித்தவர்களில் கடைசிப் பெயர், முதுகில் பார்த்த அந்த இலக்கத்தோடு, அவருடையது. அதற்குக் கீழே, பெயர் வெட்டப்பட்டவர்களின் வரிசை. ஒரு நிமிடத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் அவர் வெட்டுக் கோட்டுக்கு மேல் பக்கம் இருந்தார். கடைசியாக வந்த ஒருவருக்காக நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்குப் பாயசம் வைத்துக் குடித்தோம்.

வைகாசியில், இத்தாலி முழுவதையும் மூன்று வாரம் சுற்றுகிற பெரிய ஓட்டத்தை டிவியில் காட்டினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கனடாவிலிருந்து மைத்துனர் ஃபோன் எடுத்தார். நலம் விசாரித்துவிட்டு வழமை போலக் கேட்டார், "ஹோட்டலில இப்ப என்ன பொறுப்பு மச்சான்?" அந்த நேரம் பார்த்து டிவியில், சட்டைக்குள் போத்தல்களைத் திணித்துக் கூனலாக ஓர் ஆள் முன்னேறிக்கொண்டிருந்தார். நாலு ஐந்து செக்கன்தான் காட்டினார்கள், பெயரையும் சொல்லவில்லை. எனக்குப் பெயர் தேவைப்படவில்லை. அந்த இடது முழங்காலை எங்கே கண்டாலும் எனக்குத் தெரியும். கதிரையை விட்டு எழும்பி நின்றுவிட்டேன்.

"நான் இஞ்சை உடுப்புத் தோய்க்கிறன் மச்சான்" என்றேன். "தொடக்கத்தில இருந்தே அதுதான் வேலை."

மறுமுனையில் மைத்துனர் மெல்லச் செருமினார்.

"நான் கோப்பை கழுவுறன்" என்றார். "ஆரிட்டையும் சொல்லிப்போடாதையுங்கோ எண்டு சொல்ல வந்தனான். பரவாயில்லை, சொல்லுங்கோ."

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒரு மணித்தியாலம் கதைத்தோம். பதினைந்து வருடத்தில் அதுதான் நாங்கள் உண்மையாகக் கதைத்த முதல் நாள்.

சுருண்டுபோன அந்த இரண்டு உள்ளட்டைகளையும் உலர்த்தும் மெஷினுக்கு மேல் தட்டில் வைத்திருக்கிறேன், சூட்டைத் திருப்பக் கை போகும்போதெல்லாம் கண்ணில் படுகிற மாதிரி. மற்றவருக்காகச் சுமந்து களைத்துக் கடைசியாக வந்து சேருவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்பதை, என்னால் அட்டை கெட்டுப்போன காலோடு ஏறிய ஒருவரின் முதுகைப் பார்த்துப் படித்தவன் நான் என்ற நினைவு, ஒவ்வொரு நாள் காலையிலும் என்னை வேலைக்குத் தலை நிமிர்ந்து போக வைக்கிறது.